உச்சி முறை

என் மச்சாண்டாரிடம், அதாவது என் வீட்டுக்காரருக்கு அண்ணனிடம், நான் நேருக்கு நேர் பேசியதே இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. வழக்கம் அப்படி. புருஷனுக்கு மூத்தவர் எதிரே தம்பி பெண்டாட்டி நின்று பேசக்கூடாது என்று செட்டிகுளத்தில் எங்கள் வகையறா வைத்திருக்கிறது. விக்கிரமங்கலத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த முதல் வாரமே மாமியார் இதைச் சொல்லிவிட்டார். எனக்கோ பிறந்ததிலிருந்து வாய் அடங்காது. "இவ வாயை எப்புடித்தான் கட்டப் போறாங்களோ" என்று என் அம்மா கல்யாணப் பந்தலிலேயே கவலைப்பட்டாள்.

யாரும் கட்டவில்லை. நான் வேறு வழி கண்டுபிடித்தேன். மச்சாண்டாருக்குச் சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்லுவேன். "இந்தா பாரு, மழை இருட்டிக்கிட்டு வருது, காயப்போட்ட மக்காச்சோளத்த அள்ளலன்னா அம்புட்டும் நனைஞ்சிரும்" என்று பசுவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னால், வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து போய் அள்ளுவார். அவரும் லேசுப்பட்டவரில்லை. "கொட்டாய் சாவிய எங்க வச்சாங்கன்னு தெரியலையே" என்று வானத்தைப் பார்த்துக் கேட்பார். நான் சாவியைக் கொண்டுபோய் வேலிப் படலில் மாட்டிவிட்டு வருவேன். எங்கள் வீட்டு மாடுகளுக்குத் தெரியாத குடும்ப ரகசியம் கிடையாது.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு உண்டு. கிழக்குப் பக்கம் அவர் காடு, மேற்குப் பக்கம் எங்கள் காடு, நடுவில் கிணறு. இரண்டு பக்கமும் சின்ன வெங்காயம்தான் போடுவோம். கிணறு அகலமானது; ஆனால் ஊற்று மெதுவாகத்தான் ஊறும். அதனால் முறை வைத்துப் பாய்ச்சுவோம். விடிந்ததிலிருந்து பெரம்பலூர் பத்து மணி பஸ் வரும்வரை மூத்தவர் முறை. அந்த பஸ் ஹாரன் கேட்டதும் மடை எங்கள் பக்கம் திரும்பும். ரெண்டு மணி பஸ் போனதும் கிணற்றை யாரும் தொடக்கூடாது. அது ஊற வேண்டும். இரவு முழுக்க ஊறி மறுநாள் விடியும்போது கிணறு நிறைந்து நிற்கும். நிறைந்த கிணற்றில் முதலில் இறைக்கிறவருக்குத் தண்ணீரும் அதிகம், இஞ்சினுக்கு டீசலும் மிச்சம். அதனால் முதல் முறை மூத்தவருக்கு. என் மாமனார் வைத்துவிட்டுப் போன ஏற்பாடு. யாரும் குறை சொன்னதில்லை.

கரண்ட் இணைப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்துக்கிடந்தோம். கரண்ட் வந்த பக்கத்துக் காட்டுக்காரர்கள் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டார்கள்? மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று பாம்பு திரியும் வரப்பில் டார்ச் லைட்டோடு காத்திருப்பார்கள். டிரான்ஸ்பார்மர் வெடித்தால் ஊரே சேர்ந்து ஆபீஸைத் திட்டும். நாங்கள் ஆயில் இஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

பிறகுதான் மானியத்தில் சோலார் பம்பு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணனும் தம்பியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். கிணற்று மேட்டில் இரும்புக் கால் நட்டு, நீலத் தகடுகளை வரிசையாகப் பூட்டி, கொட்டாய்ச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் மோட்டார் ஓடும். இஞ்சின் சத்தம் இல்லை, புகை இல்லை, டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு பங்குக்கு அலையும் வேலை இல்லை. முதல் நாள் குழாயில் தண்ணீர் விழுந்தபோது எங்கள் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி தலையை நனைத்துக்கொண்டார். மச்சாண்டார் தகடுகளுக்குச் சூடம் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெயில் யாருக்கும் கணக்குக் கேட்காமல் காய்கிறது, இனி நமக்கென்ன என்று நினைத்தேன். அடேயப்பா, எவ்வளவு லேசாக நினைத்துவிட்டேன்!

இஞ்சினை எடுத்துப் போட்ட நாங்கள் முறையை எடுத்துப் போடவில்லை. சொல்லப்போனால் யாருக்கும் அது தோன்றக்கூட இல்லை. விடிந்தால் மூத்தவர், பஸ் வந்தால் இளையவர். அதே முறையை அப்படியே தூக்கி வெயிலின் தலையில் வைத்தோம். டீசல் மணி எல்லாம் ஒரே மணிதான். காலை ஏழு மணிக்கு ஊற்றினாலும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஊற்றினாலும் இஞ்சின் ஒரே மாதிரிதான் இறைக்கும். வெயில் மணி அப்படியில்லையே. இந்தச் சின்ன விஷயம் புரிய எங்களுக்கு ஒரு மார்கழி தேவைப்பட்டது.

ஐப்பசியில் வெங்காயம் நட்டபோது அடிக்கடி மழை பெய்ததால் ஒன்றும் தெரியவில்லை. மார்கழி பிறந்ததும் பனி மூடிக்கொண்டது. எதிரே வருகிற ஆள் யாரென்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மச்சாண்டார் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு மடையில் நிற்பார். பெட்டியில் பச்சை விளக்கு வரும், போகும். குழாயில் தண்ணீர் சளி பிடித்த மூக்கு மாதிரி ஒழுகும். அவருக்கு நாலு பாத்தி நனைவதற்குள் பஸ் வந்துவிடும். எங்கள் முறை தொடங்குகிற நேரம் பார்த்துப் பனி விலகும். தகடு பளபளவென்று மின்னும். குழாய் முழுசாகப் பொங்கிக்கொண்டு விழும்.

எங்கள் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் அண்ணனிடம் போனார்.

"அண்ணே, முறைய மாத்திக்குவோம்ணே. ஒருநாள் நீங்க முன்ன, ஒருநாள் நாங்க முன்ன. வெயிலு ரெண்டு பேருக்கும் சமமா கெடைக்கும்."

அவ்வளவுதான். மச்சாண்டாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"முதல் முறைய என்கிட்டேருந்து புடுங்கப் பாக்குறியா? அப்பா எனக்குக் குடுத்ததுடா அது. அவரு போயி மண்ணு காயல, அதுக்குள்ள நாட்டாமை பண்ண வந்துட்டியா?"

மாமனார் போய்ச் சேர்ந்து என் பிள்ளைகள் காலேஜ் முடித்துவிட்டார்கள். அதை யார் அவருக்குச் சொல்வது? அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. "எங்க முறையில மட்டும் தண்ணி வராம இருக்குறதுக்கு அந்தப் பொட்டியில என்ன பண்ணி வச்சிருக்கீங்கன்னு யாருக்குத் தெரியும்" என்று ஒரு வார்த்தை விட்டார். எங்கள் வீட்டுக்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு மாட்டிடம்கூட நான் எதுவும் பேசவில்லை.

கிழக்குக் காட்டில் வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகிக் காயத் தொடங்கியது. காய் திரளுகிற நேரம். அப்போது தண்ணீர் குறைந்தால் வெங்காயம் குன்றிமணி அளவில் நின்றுவிடும். மச்சாண்டார் அதைத் திருகல் நோய் என்றார். டவுனுக்குப் போய் மருந்து வாங்கி வந்து அடித்தார். மறுவாரம் வேறு மருந்து அடித்தார். தாகத்துக்குக் கஷாயம் கொடுத்த கதைதான். அவர் வெங்காயம் சாதாரண வெங்காயமும் இல்லை. விதைக்கென்றே பார்த்துப் பார்த்து வளர்த்து, குச்சி கட்டின பட்டறையில் காற்றாட வைத்துக் காப்பாற்றுவார். குரும்பலூர்க்காரர்கள்கூட விதை வெங்காயத்துக்கு அவர் வீட்டைத் தேடி வருவார்கள். இந்த ஒரு பட்டம் போய்விட்டால் அடுத்த பட்டத்துக்கு அவர் கையில் விதையே இருக்காது.

அவர் வீட்டுக்காரியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அதிர்ந்து பேசத் தெரியாதவள். ஒருநாள் நான் களை எடுத்துக்கொண்டிருந்தபோது வரப்புக்கு வந்து நின்றாள்.

"அவரு போர் போடணும்னு சொல்றாரு" என்றாள்.

"எங்கக்கா?"

"கெணத்துக்குப் பக்கத்துலயே. தம்பிகூடப் பங்கு வேணாம், எனக்குன்னு தனியா ஒரு போரு, தனியா ஒரு மோட்டாருன்னு நிக்கிறாரு. நீ ஏதாச்சும் பண்ணு. நான் சொன்னா எடுபடாது."

எங்கள் பக்கத்தில் பூமிக்குள் பாறை. பாறை இடுக்கில் வருகிற ஒரே ஊற்றுதான் கிணற்றுக்கு உயிர். பக்கத்தில் போர் இறக்கினால் அந்த ஊற்று கீழே இறங்கிவிடும். வடக்குத் தெருவில் ஒருவர் போர் போட்டார்; அவர் பங்காளியின் கிணறு அந்தக் கோடைக்கே வறண்டு, இன்று அதில் குப்பை கொட்டுகிறார்கள். கொஞ்ச வருஷத்தில் அந்தப் போரும் காற்றைத்தான் ஊதியது. எங்களுக்கு இருப்பது இந்த ஒரு கிணறு. அது போனால் இரண்டு காடும் போச்சு, அண்ணன் தம்பி உறவும் போச்சு. ஆனாலும் போர் போடுவேன் என்று அவர் வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்க் கூட்டம் நடக்காமல் இருந்திருந்தால் வாயோடு போயிருக்குமோ என்னவோ.

பஞ்சாயத்து ஆபீஸில் கூட்டம் போட்டார்கள். இன்ஜினியருக்குப் படித்த பெண்பிள்ளை ஒன்று ஊருக்கு வந்திருந்தது. என் மகள் வயசுதான் இருக்கும். நாங்கள் மகளிர் குழு ஆட்கள் ஓரமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் பொறுமையாகப் பேசியது.

"இங்க அஞ்சு கெணத்துல தகடு இருக்குதுங்க. பாய்ச்சல் முடிஞ்சதும் அத்தனையும் சும்மா வெயில் காயுது. அஞ்சையும் ஒரே கம்பியில கோத்து, நடுவுல பேட்டரி வச்சிட்டா, மிச்சக் கரண்ட்டுல பால் சொசைட்டி குளிர்பெட்டி ஓடும், மாவு மில்லு ஓடும், சாயங்காலம் தெருவெளக்கு எரியும். புயல் வந்து பெரிய லைன் அறுந்தாக்கூட உங்க ஊருல வெளக்கு அணையாது. உங்க ஊருக்கு உங்க ஊரே கரண்ட் ஆபீஸ்."

எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்கும் ஆசையாக இருந்தது. மச்சாண்டார் மட்டும் பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"எல்லாஞ் சரிம்மா. மேகம் மூடிக்கிச்சுன்னா கொஞ்சூண்டு கரண்ட்டுதான் வரும். அப்ப யாருக்கு முதல் முறை?"

"அத நீங்கதாங்க உக்காந்து பேசி முடிவு பண்ணணும். கம்பி நான் இழுத்துத் தந்துருவேன். முறை வைக்க என்னால முடியாதுங்க" என்றது. நேர்மையான பதில். எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குள் எவனோ ஒரு வாய்த்துடுக்குக்காரன் கத்தினான். "முதல் முறைய இவருக்கே குடுத்துருங்கப்பா! பனியில நல்லா வாங்கிக் கட்டிக்கட்டும்!"

கூடம் குலுங்கச் சிரித்தார்கள். அவர் வெங்காயம் காய்கிற சேதி ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. மச்சாண்டார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுநாளே போர் வண்டிக்குச் சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமைக்கு வண்டி வருவதாக ஏற்பாடு.

அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள்மேல் எனக்கு அப்படியொரு கோபம். அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அவர்தான் கேட்டார். வெயில் அடிக்கிற நாளுக்கு முறை எதற்கு? முறை என்ற ஒன்றே மேகம் மூடுகிற நாளுக்காகத்தான். எங்கிருந்தோ கரண்ட் வந்த காலத்தில் அது வராவிட்டால் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து ஆபீஸைத் திட்டினோம். ஆபீஸ்காரன் யாரோ, எந்த ஊரோ, திட்டுவதில் ஒரு சௌகரியம் இருந்தது. நம் காட்டிலேயே கரண்ட் விளைந்தால் யாரைத் திட்டுவது? பக்கத்துக் காட்டுக்காரனைத்தான். அவன் மூஞ்சியில் நாளைக்கும் விழிக்க வேண்டும், அவன் வீட்டுக் கல்யாணத்துக்குச் சாப்பிடப் போக வேண்டும். இனிமேல் வரப்போகிற காலம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. பத்து வீட்டுக்கு ஒரு கம்பி போட்டால் அந்தப் பத்து வீடும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசித்தான் ஆக வேண்டும். நாங்களோ இரண்டே வீடு, எங்களுக்கே மாடு வேண்டியிருக்கிறது.

அந்த வாரத்திலேதான் என் தம்பி மகளுக்குக் காதுகுத்து வந்தது. இந்த நேரத்தில் ஊரைவிட்டுப் போவதா என்றிருந்தது. போகாமலிருந்தால் தாய்மாமன் வீட்டிலிருந்து தொடங்கி எல்லோரும் என்னைக் கிழித்துவிடுவார்கள். கிளம்பினேன். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகள் பஸ்ஸுக்கு முன்னும் பின்னும் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. வழியெல்லாம் ஓட்டு வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் பேதமில்லாமல் கூரைமேல் தகடுகள் மின்னின. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, இவர்கள் வீட்டில் யார் யாருக்குள் பேச்சுவார்த்தை நின்றிருக்கிறதோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

விக்கிரமங்கலத்தில் என் தம்பி மாவு மில் வைத்திருக்கிறான். மில் கூரையில் தகடு போட்டிருக்கிறான். காதுகுத்து முடிந்த மறுநாள் அவன் போனில் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான். "உச்சியில வாங்கக்கா, உச்சியில வாங்க." பகல் வெயில் உச்சிக்கு வந்ததும் பெண்கள் கம்பு, கேழ்வரகு, மிளகாய் என்று கூடையோடு வேப்பமரத்தடியில் கூடிவிட்டார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் அந்த நேரத்தில் யாரும் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். கதவைச் சாத்திவிட்டுப் படுப்பார்கள். இப்போது அதுதான் அந்தத் தெருவின் கலகலப்பான நேரம்.

பாதியில் ஒரு மேகம் வந்து மறைத்தது. மில் திணறி நின்றது. மேகம் ஓரம் விலகினதும் கொஞ்சம்தான் ஓடும் என்றான் தம்பி. அவ்வளவுதான், சண்டை பிடித்துக்கொண்டது. நான் முந்தி வந்தேன், நீ பிந்தி வந்தே என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். முதலில் நின்றவள், "யாரு வூட்டுல ஒலை கொதிக்குது, அத முதல்ல சொல்லுங்கடி" என்றாள். ஒரு கைப்பிள்ளைக்காரி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். அவள் கூடை முன்னால் போனது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசத் தொடங்கினார்கள். அந்த இன்ஜினியர் பெண் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். தலைக்கு மேல் வெயில் மறுபடி விழுந்தது. எனக்கு அந்த "உச்சி" என்ற வார்த்தை மனசுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, எங்கள் ஊர் மலையைப் பார்த்த உடனே பொறி தட்டியது.

மலைமேல் முருகன் கோயிலில் விடியற்காலையிலும் பூசை உண்டு. ஆனால் உச்சிக்காலம்தான் பெரிது.

மறுநாள் சாயங்காலம் மச்சாண்டார் வேலிக்கு அந்தப் பக்கம் மருந்தடிக்கும் மிஷினைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கன்றுக்குட்டியை அவிழ்த்துக் கொண்டுவந்து வேலியோரம் கட்டினேன். கழுத்தைச் சொறிந்துவிட்டுக்கொண்டே தொடங்கினேன்.

"ஏங் கன்னுக்குட்டி, உனக்கு ஒண்ணு தெரியுமா? முருகனுக்கு விடியக்காலையில பூசை பண்றது அவர எழுப்பிவுடுறதுக்கு. படையல் வச்சு, மணிய பலமா அடிச்சு, ஊரே நின்னு கும்புடுறது உச்சிக்காலத்துலதான். சாமிக்கே உச்சிதான் பெருசு. சூரியன் நடு மண்டைக்கு மேல வந்து நிக்கிறப்ப யாரு மடையில தண்ணி போவுதோ, அவங்கதான் பெரியவங்க. நம்ம வூட்டுல பாத்தியா கொடுமைய? சின்னவரு போயி உச்சியில நிக்கிறாரு, மூத்தவரப் பனியில நிறுத்தி வச்சிருக்கோம். எனக்கே கூச்சமா இருக்குது. பாக்குறவங்க நம்மள என்ன நெனைப்பாங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனது. நான் கன்றுக்குட்டிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் அவர் குரல் கேட்டது. தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், உச்சி முறை மூத்தவனோடது. இத்தன நாளு நீ எடுத்துக்கிட்டது போதும். நாளையிலேருந்து நான் உச்சியில பாய்ச்சுவேன். நீ போயி பனியில நில்லு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டுக்காரர் உள்ளே வந்து என்னை முறைத்தார்.

"உச்சி முறைன்னு ஒண்ணு எங்கப்பன் காலத்துலயே கெடையாது. இது உன் வேலைதானே?"

"ஆமா."

"அப்ப நம்ம வெங்காயம்? நம்ம வெங்காயத்துக்கும் காய் தெரளுற நேரம்தானடி!"

"கெணறு இருந்தாத்தானே வெங்காயம்" என்றேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். முறையை மாற்றிக்கொண்டாரே ஒழிய, போர் வண்டியை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. உச்சியும் போய், வெள்ளிக்கிழமை வண்டியும் வந்துவிட்டால், என் காட்டுக்கு நானே குழி வெட்டினவள் ஆகிவிடுவேன். அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பால் கறக்கப் போனேன்.

அடுத்த நாள் பனி முன்னைவிடக் கனமாக இறங்கியிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் மடையில் நின்றார். பச்சை விளக்கு வந்தது, போனது. எங்கள் பாத்தியில் ஒரு ஓரம் நனைவதற்குள் மறு ஓரம் உறிஞ்சிக்கொண்டது. மச்சாண்டார் எத்தனை நாள் இந்தக் குளிரில் இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் என்று நினைத்தபோது, பெட்டியில் ஏதோ பண்ணிவிட்டார்கள் என்று அவர் சந்தேகப்பட்டதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பஸ் ஹாரன் கேட்டது. மச்சாண்டார் வந்து மடையைத் தன் பக்கம் திருப்பினார். எங்கள் வீட்டுக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். நான் வரப்பில் கன்றுக்குட்டியை மேய்ச்சலுக்குக் கட்டிவிட்டு, களை எடுக்கிற சாக்கில் அங்கேயே குனிந்துகொண்டேன்.

பனி விலகியது. வெயில் ஏற ஏறக் குழாய் பொங்கத் தொடங்கியது. வாய்க்கால் நிறைந்து, நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் கிழக்கே ஓடியது. மச்சாண்டார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாய்க்காலில் இறங்கிக் கணுக்கால் மூழ்க நின்றார். குனிந்து கையை விட்டுப் பார்த்தார். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் போய், காய்ந்து கிடந்த கடைசிப் பாத்தியையும் தொட்டது. அக்கா கஞ்சித் தூக்கோடு வந்தவள், அதைக் கீழே வைக்கவும் மறந்து அழுதாள். மலைமேல் உச்சிக்கால மணி அடித்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு திரும்பி எங்கள் காட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பாதி நனைந்தும் பாதி நனையாமலும் கிடந்தது அது.

ரெண்டு மணி பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அவர் மண்வெட்டியை எடுத்தார். தன் மடையை அடைத்து எங்கள் மடையை வெட்டிவிட்டார். தண்ணீர் என் காலுக்கு நேராக வந்தது. நான் திகைத்துப்போய் நிமிர்ந்தேன். அவர் நேராக என்னைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருநாளும் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"பொட்டியில நீங்க ஏதோ பண்ணிட்டீங்கன்னு நெனைச்சுப்புட்டேன்ம்மா. தப்புதான்" என்றார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். "கன்னுக்குட்டிகிட்ட சொன்னத என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஊரையே வாயால் விற்றுவிடுவேன் என்று பேர் வாங்கினவள், அந்த ஒரு மனுஷருக்கு நேராகப் பதில் சொல்ல நாக்கு எழாமல் நின்றேன். கடைசியில் பழக்கதோஷம், கன்றுக்குட்டி பக்கம்தான் திரும்பினேன்.

"நேரா சொல்லியிருந்தா கேட்டுருப்பாங்களான்னு கேளு."

அவர் சிரித்துவிட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரும் கன்றுக்குட்டியையே பார்த்தார்.

"கேட்டுருக்க மாட்டாருன்னு சொல்லு. வெள்ளிக்கெழம போர் வண்டி வராதுன்னும் சேத்துச் சொல்லிரு."